தாய்மாமன் தின்ற கழித்தல்

பாப்பா, பேசுவது நான், எழுதுவது உன் அண்ணி. எனக்கு எழுத்துத் தெரியாததால் அவள் நடுவில் எதையாவது சேர்த்துவிட்டாலும் நான் கண்டுபிடிக்கப் போவதில்லை. எங்கேயாவது உன் அப்பன் பேசாத மாதிரி அழகாக இருந்தால் அது அவள் கைவேலை என்று வைத்துக்கொள். மழைக்கு மலை உச்சியில் இருக்கும் டவர் படுத்துவிட்டது. போன் சட்டைப்பையில் கிடக்கிறது, பேச்சுத்தான் இல்லை. இருந்தாலும் போனில் சொல்லியிருக்க மாட்டேன். போன் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நடுவில் அழுவாய், முடிவை முதலில் கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் நடந்ததை முதலில் இருந்து வரிசையாக நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை சிவாவிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். ரயில் ஸ்டேஷனில் வேலை செய்கிற பிள்ளை, பச்சைக்கொடி காட்டும்வரை அசையாது.

போன வாரம் நீ போனில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா, சிவா வீட்டுக்காரங்க வந்து என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிருங்க. சண்ட புடிக்காதீங்க. கல்யாணத்துக்கு அப்புறம் வெளிநாடு போக வேணாம்னா போகல. பதுளையில ஏதாச்சும் ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சரா சேந்துக்கிறேன்." சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆனால் 'சேந்துக்கிறேன்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு எடுத்தாய் பார், அந்த மூச்சு எனக்குப் பழக்கம். சின்ன வயதில் உன் பங்கு டொபியையும் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, "எனக்கு இனிப்பே புடிக்காது" என்று சொல்வதற்கு முன்னால் எடுப்பாயே, அதே மூச்சு. ஆகவே நான் சண்டை பிடிக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. பிறகு என்னதான் செய்தேன் என்றால், வடையையும் லட்டையும் எடுத்து அடுக்கினேன். அவசரப்படாதே, சொல்கிறேன்.

அதற்கு முன்னால் போன தீபாவளிக்கு நீ வந்திருந்ததைச் சொல்ல வேண்டும். நீ அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாய். நான் உன்னிடம் ஒரு முறைப்பாடு வைத்தேன். "எல்லாரும் கேக்குறாங்க தாயி, ஒம்மக என்னதான் படிக்குதுன்னு. டாக்டர் பட்டத்துக்குன்னு சொன்னா, மூட்டு வலிக்கு மருந்து கேட்டு வந்து நிக்கிறாங்க. நான் என்னான்னு சொல்ல?" மாவுக் கையோடு உப்புச் சாடியை எடுத்து என் முன்னால் வைத்தாய்.

"உப்பு தண்ணியில கரைஞ்சா ரெண்டாப் பிரியும்ப்பா. ஒரு பங்கு கூட்டல், ஒரு பங்கு கழித்தல். ரேடியோ பேட்டரி தலையில போட்டிருக்கும்ல, அதே கூட்டல் கழித்தல்தான். அந்தத் தண்ணிக்குள்ள ஒரு உலோகத் தகட்ட எறக்கி, கழித்தல் மின்சாரம் குடுத்தோம்னு வைங்க. கூட்டலெல்லாம் அதுகிட்ட ஓடி வரும். தகடு ஒரு அடுக்கு. அத ஒட்டி வந்து நிக்கிற கூட்டம் இன்னொரு அடுக்கு. ரெண்டையும் சேத்து மின் இரட்டை அடுக்குன்னு சொல்வோம்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"இதுக்கா தாயி இத்தன வருசம்?"

நீ சிரித்த சிரிப்பில் முறுக்கு ஒன்று கருகியே போனது. பிறகுதான் உள்ளே இருக்கிற சிக்கலைச் சொன்னாய். தண்ணீரில் உப்புக் கொஞ்சமாக இருந்தால் பழைய கணக்கே போதும். உப்பை அள்ளிக் கொட்டிவிட்டால் அந்தக் கணக்குப் பிசகிவிடும். ஏன் என்றால் பழைய கணக்கு அந்தத் துகள்களை எல்லாம் வெறும் புள்ளியாக நினைக்கிறது. புள்ளிக்கு இடம் வேண்டாம் அல்லவா? தகட்டுக்குப் பக்கத்தில் எத்தனையை வேண்டுமானாலும் திணித்துவிடும். எனக்கு உடனே லுணுகலை பஸ் ஞாபகம் வந்தது. "நம்ம பஸ் கொண்டக்டர் மாதிரியா? 'பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க, எடம் இருக்கு'ங்கிற ஆளு?" என்று கேட்டேன். "ஆமாப்பா! அந்தக் கணக்குப் போட்டவங்க எல்லாரும் கொண்டக்டருதான்!" என்று மாவுக் கையாலேயே என் தோளைத் தட்டினாய். அந்தச் சட்டையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. போக வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லவா? நம் தோட்டத்து ஆட்களைக் கணக்கெடுத்தவர்களும் ரொம்ப காலமாகக் கொண்டக்டர்களாகத்தான் இருந்தார்கள். வரிசை வீடான லயத்தில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் முடிந்தது. குடும்பத்துக்கு முழங்கை உண்டு, சட்டி பானை உண்டு, என் அப்பாவுக்கு இருந்தது போல லயத்தையே எழுப்பும் குறட்டை உண்டு என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் ஏறாது. என் மகள் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத ஓர் உப்புத் துகளுக்குக்கூட 'உனக்கு உடம்பு இருக்கிறது, உனக்கு இடம் வேண்டும்' என்று கணக்கு எழுதுகிறாள் என்று புரிந்தபோது எனக்கு ரொம்பச் சந்தோஷமாகிவிட்டது. அதனால்தான் பாப்பா, நீயே உன்னைப் புள்ளியாகச் சுருக்கிக்கொண்டு 'சேந்துக்கிறேன்' என்றது எனக்குப் பிடிக்கவில்லை. விட்டுக்கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. குடும்பம் என்றால் விட்டுக்கொடுக்காமல் முடியாது, உன் அம்மாவும் நானும் அதிலேயே காலத்தைத் தள்ளியவர்கள். ஆனால் எனக்கு இடமே வேண்டாம் என்று பொய் சொல்லி விட்டுக்கொடுக்காதே. எனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு எவ்வளவு நகர முடியுமோ நகரு.

அன்றைக்கே நீ ஏன் வெளிநாடு போக வேண்டும் என்பதையும் சொன்னாய். உப்பைக் கூட்டக் கூட்ட, வந்து சூழ்கிற கூட்டம் தகட்டை மறைத்துவிடும். அதனால் தகட்டின் அதிகாரம் எட்டுகிற தூரம் குறைந்துகொண்டே வரும். இதுவரைக்கும் எல்லாரும் ஒரே பேச்சு. ஆனால் இன்னும் இன்னும் உப்பைப் போட்டால் அந்தத் தூரம் மறுபடி நீளுகிறது என்று அளந்து பார்த்த சிலர் சொல்கிறார்கள். "என் கம்பியூட்டர் கணக்குல அம்புட்டு நீளம் வரலப்பா. என் கணக்குல ஏதோ விட்டுப் போச்சா, இல்ல அவங்க அளந்தது வேற எதையோவான்னு தெரியல. அளக்குறவங்க பக்கத்துலயே ரெண்டு வருசம் ஒக்காந்தா ஒரு வழி தெரியும்." இதைச் சொன்னபோது உன் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அப்புத்தளையில் இருந்து வந்தவர்கள் மூன்று பேர். உன் மாமியாராகப் போகிற பாக்கியம், அவருடைய தம்பி வீரய்யா, நடுவில் சிவா. சிவாவின் அப்பா இல்லாத வீடு என்பதால் தாய்மாமன் வீரய்யாவுக்குத்தான் சபையில் முதல் இடம். உன் அம்மா லட்டுப் பிடித்திருந்தாள், உன் அண்ணி உளுந்து வடை சுட்டிருந்தாள். பெரிய தாம்பாளத்தில் இரண்டையும் குவித்து, பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீரும் வைத்தோம். வைத்தோமே தவிர யாரும் தொடவில்லை. நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால், பெண் வீட்டார் கேட்டதற்குச் சம்மதம் என்று அர்த்தம். விடிய முன்னமே பஸ் ஏறி வந்தவர்கள், பாவம். சிவா அந்தத் தாம்பாளத்தைப் பிந்திப்போன ரயிலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாக்கியம் நேராகவே பேசினார். "அண்ணே, ஒங்க புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்கு. அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா தாலி ஏறின கையோட கடல் தாண்டிப் போறது சரிவராது."

"ரெண்டே வருசம்தானுங்களே தங்கச்சி" என்றேன்.

"என் தங்கச்சியும் ரெண்டு வருசம்னுதான் குவைத்துக்குப் போனா. வேலக்காரியாத்தான். ரெண்டு நாலாச்சு, நாலு ஆறாச்சு. அவ திரும்பி வந்து வாசல்ல நின்னப்ப, அவ பெத்த மகன் என் சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, 'பெரியம்மா, இது யாரு'ன்னு கேட்டான்."

நீ அப்படிப் போகவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தங்கச்சியும் அப்படியாகும் என்று நினைத்துப் போகவில்லையே. உன் அம்மா என் முதுகில் மெதுவாகக் கிள்ளினாள். 'விட்டுருங்க' என்ற கிள்ளா, 'பேசுங்க' என்ற கிள்ளா என்று இன்னும் கேட்கவில்லை.

பிறகு பாக்கியமே கேட்டார். "அப்படி என்னதான்ண்ணே படிக்குது? எனக்கு யாராச்சும் சொன்னீங்களா? இவங்கிட்ட கேட்டா 'உப்புத் தண்ணிம்மா'ங்கிறான். உப்புத் தண்ணிக்கு எதுக்குடா வெளிநாடு? நம்ம வீட்டு ரசத்துல இல்லாத உப்பா?"

"உங்க ரசத்துல கொஞ்சம் கூடவே இருக்கும்மா" என்றான் சிவா. வீரய்யா அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். மாப்பிள்ளை பேசக் கூடாதாம்.

நான் தாம்பாளத்தை என் பக்கம் இழுத்தேன். "ஐயோ, பலகாரத்துல கை வைக்காதீங்க!" என்று உன் அம்மா கத்தினாள். வைத்துவிட்டேன். செம்பைத் தாம்பாளத்துக்கு நடுவில் நிறுத்தினேன். "இது தகடு. கழித்தல் மின்சாரம் குடுத்த தகடு. லட்டெல்லாம் கூட்டல். வடையெல்லாம் கழித்தல்" என்றேன். முதலில் கொஞ்சத்தை மட்டும் வைத்து, உப்புக் குறைந்த தண்ணீரைக் காட்டினேன். செம்புக்கருகே லட்டுகள் சற்று நெருக்கமாக, தள்ளிப் போகப்போக இரண்டும் கலந்து ஐதாக. பிறகு எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். லட்டுக்கு உடம்பு இருக்கிறது, செம்பைச் சுற்றி ஒரு வட்டத்துக்கு மேல் ஒட்ட முடியாது. அந்த வட்டத்திலும் ஆசைப்பட்டுத் தேவைக்கு மேலேயே வந்து நிற்கும். மேலதிகமாக வந்துவிட்டதால் அதைச் சரிக்கட்ட அடுத்த வட்டத்தில் வடைகள் வந்து நிற்கும். அதற்கும் பின்னால் மறுபடி லட்டு. இப்படி மாறி மாறி வரிசை கட்டி, தூரம் போகப்போக வரிசை குலைந்து கலந்துவிடும். நீ சொன்னது இதுதானே? மூன்றாவது வரிசையில் எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம், லட்டும் போதவில்லை.

"எதை வேணும்னாலும் மாத்தி வைக்கலாங்க. ஆனா மொத்தத்துல கூட்டலும் கழித்தலும் சரிக்குச் சரி நிக்கணும். ஒரு கழித்தல வெளிய எடுத்தா ஒரு கூட்டலையும் எடுத்தே ஆகணும். தனியா ஒண்ண மட்டும் பிரிச்சு எடுக்க விடாதாம் உப்பு" என்றேன்.

அதற்குள் பாக்கியம் பாயின் இந்தப் பக்கத்துக்கே நகர்ந்து வந்துவிட்டார். மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்து வளர்ந்தவர், கூட்டம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். "இந்தக் கூட்டலு சும்மா வருதா, சொமையோட வருதா?" என்று கேட்டார்.

நீ சொன்னது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. "தண்ணியக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் வருமாங்க."

"அப்ப கொழுந்து நிறுக்கிற எடத்துல நாங்க கூடையோட நிக்கிற மாதிரி. கூடையோட நின்னா ஒருத்தி ரெண்டு பேரு எடத்தப் புடிப்பா. ரொம்ப நெருக்குனா கூடைய எறக்கி வச்சுட்டு முன்னுக்குப் போவோம். இதுகளும் எறக்கி வைக்குமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"ஒங்க மகளுக்கு?"

"கொஞ்சம் தெரியும்னு நெனைக்கிறேன். மிச்சத்தப் பாக்கத்தான் போகணுங்கிறா."

"அப்ப அங்க உள்ளவங்களுக்குத் தெரியுமா?"

"முழுசா யாருக்குமே தெரியாதாம் தங்கச்சி. அங்க அளக்குறாங்க, இவ கணக்குப் போடுறா. ரெண்டும் ஒத்துப் போகல. ஒக்காந்து பேசித்தான் பாக்கணுமாம்."

அவர் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்னமோ நெனச்சுட்டேன். தெரிஞ்ச பாடத்த ஒப்பிச்சுட்டு, பெரிய எடத்துப் பட்டம் வாங்கத்தான் போகுதாக்கும்னு. யாருக்கும் தெரியாததப் பாக்கப் போகுதுன்னு ஒருத்தரும் சொல்லலயே" என்றார்.

அந்த நேரத்தில்தான், பாப்பா, 'கறுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லாரும் திரும்பினோம். இரண்டாவது வரிசையில் ஒரு பொந்து. வீரய்யாவின் கையில் அரை வடை, வாயில் அரை வடை. மனிதர் கணக்கிலேயே மூழ்கிப்போய், தன்னை அறியாமல் கையை நீட்டிவிட்டார். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண் மட்டும் அக்காவைப் பார்த்து முழிக்கிறது.

"மாமா கை நனைச்சுட்டாரு!" என்றான் சிவா.

"நனைக்கலடா. காஞ்ச வடதான. தண்ணியத் தொட்டானா?" என்றார் பாக்கியம். ஆனால் அவருக்கும் சிரிப்பில் உதடு துடிக்கிறது. உன் அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கே சட்டி உருண்ட சத்தம் கேட்டது. இப்போதும் எழுதாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள். இரு, அவள் அடங்கட்டும்.

வடை கெட்டியாக இருந்தது என்று நான் சொன்னதாக எழுத மாட்டாளாம். சரி, விட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த இடத்தில் நான் ஒன்று செய்தேன், அது உனக்குத் தெரிய வேண்டும். சபையில் தாய்மாமன் கை நனைத்துவிட்டார், சம்மதம் முடிந்தது என்று நான் பிடித்துக்கொண்டிருக்கலாம். உன் அம்மா அதைத்தான் கண்ணால் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. பசியில் தின்ற வடையை வைத்து உன் இரண்டு வருசத்தை வாங்கினால், நீ அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் இங்கே ஒருவர் மனம் கசந்து உட்கார்ந்திருப்பார். அதனால், "தங்கச்சி, இத நாங்க கணக்குல எடுக்கல. தம்பி காலையில இருந்து பட்டினி. நீங்க மனசுல உள்ளதச் சொல்லுங்க. போக வேணாம்னா, அதையே மகள்ட்ட சொல்லுவேன். ஆனா அவளுக்குப் போகணும்னு இருக்கு, அதையும் மறைக்காமச் சொல்லிட்டேன்" என்றேன். சொல்லி முடித்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்றால் செம்பு தகடாக நிற்கிறது.

பாக்கியம் லட்டுகளையும் வடைகளையும் ஒருமுறை பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க விட்டாலும் ஒங்க கணக்கு விடாதேண்ணே. ஒரு கழித்தலு வெளிய போனா ஒரு கூட்டலும் போயாகணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்ப இங்க ஒரு லட்டு கூடுதலா நிக்குது."

முதல் வரிசையில் இருந்து ஒரு லட்டை எடுத்தார். கிள்ளவில்லை, பகிரவில்லை. முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். வாய் நிறைய லட்டோடு, "போகட்டும்" என்றார்.

உன் அம்மா அழுதாள், சிரித்தாள், எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினாள். எந்த வரிசையில் எது நின்றது என்று பார்க்காமல் சிவா இரண்டு கையாலும் தாம்பாளத்தைத் தீர்த்தான். வீரய்யா கடைசிவரை, "நான் தின்னதாலதான் காரியம் முடிஞ்சுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணம் தையில், உன் பயணம் சித்திரை கழிந்து. இதுதான் முடிவு.

உன் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். "என் தங்கச்சி மாதிரி மாசக்கணக்குல சத்தமில்லாம இருக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம தோறும் பேசணும். ஒங்களுக்கு இல்லண்ணே, எனக்கு. என்ன தெரிஞ்சுச்சுன்னு சொல்லணும். ஒண்ணும் தெரியலன்னா அதையும் சொல்லணும்." வாசல் இறங்கிப் போனவர் திரும்பி நின்று, "கூடைய எறக்குமான்னு கேட்டேனே, அத மறந்துறாதீங்க" என்றார். நான் மறக்கவில்லை. உன் பொறுப்பில் விட்டுவிட்டேன்.

அங்கே போய் உட்கார்ந்து பார்த்து, கடைசியில் உன் கணக்குத்தான் தப்பென்று தெரிந்தால் முகத்தைத் தொங்கப் போடாதே. நீ நாலாம் வகுப்பில் படித்தபோது ஒருநாள் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். "அப்பா, நான் கணக்குல ஒரு தப்பு விட்டேன், அது எங்க இருக்குன்னு டீச்சருக்கே ரொம்ப நேரம் தெரியல!" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். பக்கத்து வீட்டார் நீ பரிசு வாங்கிவிட்டாய் என்று நினைத்தார்கள். தப்பிலும் சந்தோஷப்பட்ட அந்தப் பிள்ளையைத்தான் நான் அனுப்புகிறேன், வேறு யாரையும் இல்லை. நீ இல்லாத வீட்டில் எனக்குப் பொழுது போகாது என்பது உண்மைதான். அதற்கு நான் ஏதாவது வழி பார்த்துக்கொள்கிறேன். லட்டு இருந்தால் லயத்தில் யாருக்கு வேண்டுமானாலும் இப்போது பாடம் எடுப்பேன்.

இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு உன் அண்ணன் போய்விட்டான் என்று நினைக்காதே. எட்டிப் பார், ஹொஸ்டல் வாசலில் லொறியோடு நிற்பான். உன்னை வரச்சொல்லிக் கூப்பிட்ட அந்த நாட்டுக்காரர்களுக்கு 'வருகிறேன்' என்று எழுதி அனுப்பிவிட்டு, அவனிடம் வந்து, எழுதிவிட்டேன் என்று உன் வாயால் சொல். அதைக் கேட்காமல் லொறியைத் திருப்பக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உள்ளே தோட்டத்துத் தேயிலை ஏற்றி இருக்கிறது பாப்பா, சீக்கிரம் எழுது.